வல்லத்தில் ஒரு கடல்தொட்டி

செஞ்சிப் பக்கம் வல்லத்தில் கடல்மீன் வளர்க்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். மீன்கூடப் பிரச்சினையில்லை, பாசிதான்! போர் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் இருந்தால் அது பாசிக்கு உரம். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்கிறேன்.

மருந்து ஊற்றினால் பாசி செத்து அங்கேயே மட்கும். சத்து திரும்பத் தண்ணீருக்கே போகும். கையால் பறித்து வெளியே போட்டால் சத்தும் சேர்ந்து வெளியேறும்.

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பவளப்பாறைமேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கேயும் கையால்தான் அகற்றினார்கள். துண்டு மிஞ்சினாலும் மறுபடி துளிர்க்கும் என்பதால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே நண்பர்களே, இன்பாக்ஸில் மருந்துப் பெயர் கேட்காதீர்கள். முதலில் தீனியைக் குறையுங்கள், விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள்.