குறை பொறுக்கும் ஒலிபெருக்கி



அளவான பணத்தில் நல்ல ஒலிபெருக்கி வாங்க எண்ணுவோருக்கு என் அனுபவம் பயன்படலாம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பாலோவில் உள்ள எங்கள் இல்லத்திற்கு ஓர் இணை ஒலிபெருக்கி வாங்க 1,500 ரிங்கிட் ஒதுக்கினேன். நாங்கள் கேட்பவை பெரும்பாலும் பழைய பாடல்கள். தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய காலத்தில், இசை 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில் பதிவானது. அவற்றோடு, 1987-இல் தோட்டத்துக் கோயிலில் என் தந்தையார் பாடிய பஜனை அடங்கிய கேசட் ஒன்றும் உண்டு. தந்தையார் இன்று இல்லை. அவர் குரலாக எஞ்சியிருப்பது அது மட்டுமே.

ஜொகூர் பாருவில் ஒரு கடையில் முதலில் காட்டிய ஒலிபெருக்கியில் புதிய பாடல்கள் பளிச்சென ஒலித்தன. ஆனால் பஜனையை ஒலிக்கச் செய்ததும், நாடாவின் இரைச்சல் முன்னே வந்தது. குரல் பின்னே சென்றது. இதற்குக் காரணம் உண்டு. நாடாவின் இரைச்சலும் தட்டின் கீறல் ஒலியும் உயர் அதிர்வெண்களில்தான் செவியை மிகுதியாக உறுத்தும். அப்பகுதியைத் தூக்கிக் காட்டும் ஒலிபெருக்கி, பதிவின் குறையையே பெரிதாக்கும். குரலின் உயிரோ நடு அதிர்வெண்களில் உள்ளது.

அடுத்து, கில்பர்ட் பிரிக்ஸ் 1932-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வார்ஃப்டேல் நிறுவனத்தின் டைமண்ட் வரிசையில் ஒன்றைக் கேட்டோம். உடன் வந்திருந்த அம்மா, "இதுதான் உங்க அப்பா குரல்" என்றார். அதையே வாங்கினோம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. உங்கள் பாடல்களையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். மோசமான பதிவும் அவற்றில் இருக்கட்டும். அரை மணி நேரமாவது கேளுங்கள். செவி களைத்தால் வேண்டாம். உணர்திறனையும் பாருங்கள். 89 டெசிபெல் ஒலிபெருக்கி தரும் ஒலியளவை 86 டெசிபெல் கொண்டது எட்ட, ஆம்ப்ளிஃபையரிலிருந்து இருமடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டில், உயர் ஒலி தரும் சிறு கூம்பு உங்கள் செவி மட்டத்தில் இருக்கட்டும். அடியொலி அதிகமாக முழங்கினால், பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். இதற்குச் செலவில்லை.

ஆசிரியப் பணியில் இருப்போருக்கு ஒரு சொல். திக்கித் திக்கி வாசிக்கும் மாணவனிடம் நம் செவி எதை முதலில் கேட்கிறது: பிழையையா, குரலையா? பிழையைத் திருத்தத்தான் வேண்டும். எனினும், குரல் கேட்கப்பட்ட பிள்ளையே மறுநாளும் வாய் திறக்கிறான்.