"கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" வண்டிச் சக்கரத்தில் பதில் சொன்ன ஹாம்பர்க் இல்லம்!

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், டிசம்பர் மாதம் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மறுநாள் சூரியன் உதிக்க எட்டரை மணி ஆகும். இந்த நகரின் மெட்ரோ ரயிலில் கிழக்கே போனால் 'ரௌஹெஸ் ஹௌஸ்' என்றொரு நிலையம் வரும். 'கரடுமுரடான வீடு' என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் உலகெங்கும் தேவாலயங்களில் ஏற்றப்படும் மெழுகுவத்தி வளையம் பிறந்தது, இந்த நிலையத்துக்குப் பெயர் தந்த இல்லத்தில்தான்.

கூரை வீட்டில் ஓர் ஆரம்பம்

1833-ல் இந்தப் பகுதி ஊருக்கு வெளியே இருந்த கிராமம். இங்கே ஒரு பழைய கூரை வீட்டில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் தொடங்கினார் யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன். இறையியல் படித்த அவருக்கு அப்போது வயது 25. வறுமையில் வளர்ந்தவர்கள், தெருவில் திரிந்தவர்கள், சின்னச் சின்னத் திருட்டுகளில் சிக்கியவர்கள் என்று பலரும் வந்தார்கள். சிறைபோல் அடைத்து வைக்காமல், சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, படிப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார் விஷெர்ன்.

டிசம்பர் வந்தால் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான்... "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" அதற்குப் பதிலாகத்தான் 1839-ல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் மெழுகுவத்திகளை நிறுத்தினார் என்று சொல்லப்படுகிறது.

20 சிவப்பு, 4 வெள்ளை

அந்த வருடம் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்வரை 24 நாள்கள். நாலு ஞாயிறுகளுக்கு நாலு பெரிய வெள்ளை மெழுகுவத்தி. மற்ற நாள்களுக்கு 20 சின்ன சிவப்பு மெழுகுவத்தி. தினமும் ஒன்றை ஏற்றினார்கள். வெளியே இருட்டு கூடிக்கொண்டே போக, உள்ளே வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. பசுமையான ஊசியிலைக் கிளைகளைச் சுற்றி அலங்கரிக்கும் வழக்கம் பின்னாளில் சேர்ந்தது.

வருகிறார் என்ற நம்பிக்கை

'அட்வென்ட்' என்பதற்கு லத்தீனில் 'வருகை' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று தொடங்கும். பெத்லகேமில் இயேசு பிறந்ததை நினைப்பதோடு, அவர் மீண்டும் வருவார் என்று காத்திருப்பதும் இதன் பொருள். அதனால்தான் பல தேவாலயங்களில் இந்த வாரங்களில் ஊதா நிறம். மனதைச் சரிசெய்துகொள்ளும் நாள்கள் என்பதன் அடையாளம் அது. மூன்றாவது ஞாயிறு மட்டும் சில இடங்களில் இளஞ்சிவப்பு... மகிழ்ச்சியின் நாள்!

தேடி வர யாருமில்லாத பிள்ளைகளும் இருந்த வீடு அது. 'உனக்காக ஒருவர் வருகிறார்' என்ற செய்தி அவர்களுக்கு எப்படி ஒலித்திருக்கும்? விஷெர்ன் அதைப் பிரசங்கமாக மட்டும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து, விரலால் எண்ணும்படி செய்துவைத்தார். காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. இன்றைக்கான ஒரு விளக்கை இன்று ஏற்றுவது என்று அந்தச் சக்கரம் சொன்னது.

இன்றும் எரிகிறது

1943-ல் நடந்த குண்டுவீச்சில் இல்லத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் பணி நிற்கவில்லை. குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று பலருக்கும் அந்த இல்லம் இன்றும் கைகொடுக்கிறது.

சக்கரம் காலப்போக்கில் நாலே மெழுகுவத்தி கொண்ட சின்ன வளையமாகி, வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்வார்கள். தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலும் வாரம் ஒன்றாக இவை ஏற்றப்படுகின்றன.

அடுத்த முறை பீடத்தருகே அந்த வளையத்தைக் காட்டி வீட்டுக் குட்டீஸ், "எதுக்கு ஒண்ணு மட்டும் எரியுது?" என்று கேட்டால், ஹாம்பர்க் பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகளைப்போலவே நாளை எண்ணியவர்கள்தான்!