அக்காவின் நகங்கள்

கடையில் காசு கொடுக்கும்போது அக்கா விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டுதான் கையை நீட்டுவாள். பல வருடப் பழக்கம். நேற்று அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். மோதிர விரல் நகத்தடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்ததுபோல மஞ்சள் கறை. நுனி தசையை விட்டுத் தூக்கி நிற்கிறது. "ஜாக்கெட் கொக்கி மாட்டவே வலிக்குதுடா" என்றாள்.

பூஞ்சை என்று நினைத்து இரண்டு வருடம் ஏதேதோ களிம்பு தடவினாள். தோல் மருத்துவர் நகத்தை வெட்டிச் சோதித்த பிறகுதான் சொரியாசிஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே நகம் முளைக்கும் இடத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. அழுக்கால் வருவதில்லை. தொட்டால் ஒட்டாது. இருந்தும் ஒரு விசேஷ வீட்டில் அவள் பரிமாற வந்தபோது கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்கவே முடியவில்லை.

சிகிச்சை உண்டு, பொறுமை வேண்டும். கைவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாறவே சுமார் 6 மாதம், கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.