ஏழுக்குப் பகாத காணி

"சித்தப்பா, பகா எண் எண்டால் என்ன?"

வங்கிப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் என் பெறாமகள் கேட்டாள். கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் மூச்சு விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அதற்கு முதன்மை எண் என்று பெயர். அங்கே மீ.சி.ம., இங்கே பொ.ம.சி. பாவம், ஒரே கணக்கை இரண்டு தமிழில் படிக்கிறாள்.

எனக்குப் பகாதான் பிடிக்கிறது. முதன்மை என்பது ஆங்கிலத்தைப் பார்த்து வைத்த பெயர். பதினேழுக்கு அப்படி என்ன முதன்மை, மருதடிப் பிள்ளையாரிடம் முதற் காளாஞ்சி வாங்குகிற எண்ணா அது? பகா என்றால் பகுபடாது என்று குணத்தையே சொல்லிவிடுகிறது. பங்கும் பாதியும் பகலும் பகு வீட்டுப் பிள்ளைகள்தான். "நீ பெறாமகள், அது பகா எண். ரெண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்" என்றேன்.

"இது சோதினையில வராது, சித்தப்பா."

வராதுதான். ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் மானிப்பாய்க்குப் புதிதல்ல. 58,000 க்கு மேற்பட்ட சொற்களோடு 1842 இல் அச்சான அகராதிக்கே இந்த ஊர்ப் பெயர்தான். 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் தேடியவர். அவரே இரசாயனத்துக்கு வந்தபோது 'கெமிஸ்தம்' என்று ஒதுங்கிக்கொண்டார். அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் எனக்குப் பகா எண்ணைக் காட்டித் தந்தது பள்ளிக்கூடம் அல்ல, என் பாட்டனார் அப்பு. அப்போது எனக்கு எட்டு வயது.

அப்புவுக்கு மூன்று பரப்புப் புகையிலைத் தோட்டம், ஏழு பிள்ளைகள். உறுதியில் லாச்சம் என்று எழுதியிருக்கும், வாயில் பரப்புத்தான். பரப்புக்குப் பதினெட்டுக் குழி, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டை யார் தெரிந்தெடுத்தார்களோ, பிள்ளைக்குட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது பேர் வந்தாலும் முறியாமல் பிரியும். ஏழு பேர் வந்தால் கரைச்சல்.

அப்பு திண்ணையில் குழிக்கு ஒன்றாக ஐம்பத்துநாலு புளியங்கொட்டையைக் கொட்டி, ஏழு குவியலாக வைக்கச் சொன்னார். வைத்தேன். குவியலுக்கு ஏழு. ஐந்து மிஞ்சியது. ஒன்றைக் களவெடுத்து எங்காவது சேர்த்துவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதே ஐந்துதான். பெரியப்பா, "அதையும் பிரிச்சு விடுங்கோவன்" என்றார். அப்பு சிரித்தார். "ஏழுக்கு முந்திரி இறங்காதடா."

அந்த வசனம் எனக்கு விளங்க முப்பது வருடம் பிடித்தது. எண்சுவடி படித்த அவருக்குப் பின்னம் என்றால் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரியில் நிற்பது. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 320 ஐ உடைத்துப் பார்த்தால் ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் மட்டும் வரும். ஆகவே பதினெட்டுக் குழியை ஐந்து பேருக்குக் கேட்டால் ஆளுக்கு மூன்றரையே இருமா என்று நறுக்காகச் சொல்லலாம். ஏழு கேட்டால் ஒவ்வொரு முந்திரியையும் மறுபடி முந்நூற்றிருபதாக நறுக்கிக் கீழ்முந்திரிக்குப் போனாலும் மிச்சம் நிற்கும். மூன்றுக்கும் அதே கதிதான். நாவால் சொல்ல முடியாத மூன்றிலொன்றை அந்தப் பதினெட்டுக் குழிக் காணி தந்துவிடுகிறது! பரப்பு வகுத்தவரும் முந்திரி வகுத்தவரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டார்கள் என்பது என் துணிபு.

மிஞ்சிய ஐந்து கொட்டையையும் அப்பு நடுவில் வைத்தார். "இது கிணறு. துலாவும் வாய்க்காலும் ஒழுங்கையும் இதுக்குள்ள. இதை ஒருத்தரும் பிரிக்கக்கூடாது." ஆளுக்கு ஏழு குழியும் ஏழு பேருக்கும் பொதுவாகக் கிணற்றுப் பங்கும் என்று உறுதி முடிந்தது.

பெறாமகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன். அவள் தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பனும் நானுமாக நாங்கள் நாலு பேர், அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஏழை நாலாலும் மூன்றாலும் பெருக்கி, கிணற்றில் தன் பங்கு எண்பத்துநாலில் ஒன்று என்று கண்டுபிடித்திருந்தாள். ஒரு குழி 151.25 சதுர அடி. ஐந்து குழியை எண்பத்துநாலால் வகுத்தால் ஒன்பது சதுர அடிக்கு மயிரிழை கூட வருகிறது.

ஒரு வாளியையும் வைத்துக்கொண்டு நின்று குளிக்க அது காணும்.