பொட்டாஷ் மூட்டையும் பதினோரு பவுனும்

2024 மே 1. உழைப்பாளர் தினம் என்பதால் உரக்கடைக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். டொராண்டோவில் இன்னும் ஏப்ரல் 30 இரவு. “அக்கா, நாளையிலேர்ந்து வாரத்துக்கு இருபது மணி நேரந்தான் வேலை பாக்கலாமாம்” என்றான்.

கொரோனாவுக்குப் பின் ஆள் கிடைக்கவில்லை என்று 2022 நவம்பரில் அந்த வரம்பை கனடா அரசு தற்காலிகமாக எடுத்திருந்தது. அவன் 2023 ஆகஸ்டு கடைசியில் போனபோது அந்தத் தளர்வு இருந்தது. வாரம் முப்பத்தைந்து மணி நேரம் என்று வைத்துத்தான் வட்டி, வாடகை எல்லாம் கணக்குப் போட்டோம். போட்டது நான். பி.காம் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

அந்தக் கணக்கில் என் கல்யாணத்துக்குச் சேர்த்த பதினோரு பவுனும் இருந்தது. படிக்கப் போகிறவன் அப்போது 10,000 டாலரை அங்குள்ள வங்கி ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆறு லட்சத்துக்காக என் நகையும் அம்மாவின் நகையும் அடகுக்குப் போயின. 2024 ஜனவரியிலிருந்து அதையே 20,635 டாலர் ஆக்கிவிட்டார்கள். தம்பிக்குப் பிறகு போக இருந்த எதிர்வீட்டுப் பையன் அதைக் கேட்டதோடு பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போதெல்லாம் அம்மா “பையன் கனடாவுல இருக்கான்” என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிப்பாள்.

இப்படி ஒட்டாவா எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆனால் கனடா எனக்கு அதற்கு முன்பே தெரியும். பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர்கள் வாங்கும் பொட்டாஷில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது. உலகத்திலேயே அதிகமாகப் பொட்டாஷ் எடுப்பது அவர்கள்தான். 2022இல் உக்ரைன் போரில் ரஷ்யா, பெலாரஸ் சரக்கு தடுமாறியபோது ஆயிரத்தைச் சுற்றி இருந்த மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. கைரேகை வைக்க மிஷினை நீட்டினால் என்னைத்தான் திட்டுவார்கள். புதினைத் திட்ட முடியுமா?

எங்கள் வீட்டில் கனடா நிபுணர் பெரியப்பா. அரியலூர்க்காரர். ட்ரூடோ வேட்டி கட்டிப் பொங்கல் கொண்டாடிய படம் வந்ததிலிருந்து அவருக்கு அந்த ஆள் ‘நம்மாளு’. 2023 செப்டம்பரில் நிஜ்ஜார் கொலையை வைத்து இரண்டு அரசுகளும் முட்டிக்கொண்டபோது, “அவுங்க சண்டைக்கு நம்ம புள்ளைய அனுப்பிருவாங்களா?” என்று அம்மா கேட்டாள். “அதெல்லாம் அனுப்ப மாட்டான்” என்று பெரியப்பா உத்தரவாதம் கொடுத்தார். நான்கே மாதத்தில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. “வேட்டி கட்டினவனே கதவைச் சாத்துறானே பாப்பா!” நிஜமாகவே மனம் உடைந்து போனார்.

ஸ்கார்பரோவில் தம்பி இருந்தது ஒரு பேஸ்மென்ட்டில், ஐந்து பேரோடு. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் அகதியாகப் போனவர். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நூற்றைம்பது தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்களே, ஏறக்குறைய அந்தக் காலம். அவர் தம்பியிடம் சொன்னாராம்: “கோவிக்காதேங்கோ தம்பி, ஆக்கள் கூடிப்போச்சு. வாடகை எங்க போய் நிக்குது பாருங்கோ.” அந்த வாடகையை வாங்குவதே அவர்தான் என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்ம ஆளே இப்படியா என்று ராத்திரி வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் இதைச் சொன்னதும் பெரியப்பா கொதித்தார். அந்த வீட்டுக்காரர் பரம்பரையையே இழுத்தார். அப்போது ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனது, பின்னாலேயே சிமெண்ட் ஆலை வேன். உள்ளே வடநாட்டுப் பையன்கள். “இவனுங்கள யாரு கூப்புட்டது? இவனுங்க வந்துதான நம்ம பயலுவளுக்கு வேலை இல்லாமப் போச்சு” என்றார், அதே மூச்சில்.

அவரை எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் அவர். மகனுக்கு நிரந்தர வேலை என்று நம்பிக் கொடுத்தார், கிடைத்தது ஒப்பந்தக் கூலி. அந்தக் கோபம் பொய்யில்லை. அதைப் போய்ச் சேர்க்க வேண்டிய வாசல் வேனில் இல்லை, அவ்வளவுதான். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லும் யோக்கியதையும் எனக்கில்லை. கடையில் மூட்டை இறக்க ஒடிசாப் பையன் ஒருவன் இருக்கிறான். உள்ளூர் ஆளுக்கு மூட்டைக்கு ஐந்து ரூபாய், அவனுக்கு நான்கு. பேரேட்டில் எழுதுவது நான். ஒருமுறை முதலாளியிடம் கேட்டேன். “அவன் கேக்கலையேம்மா” என்றார். நானும் விட்டுவிட்டேன். 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது அவன் மூன்று நாள் குடோனை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்ததைப் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 28 தேர்தலில் கார்னி ஜெயித்தார். தம்பி படிப்பை முடித்துவிட்டான், மூன்று வருட வேலை அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் நிரந்தர வசிப்புரிமை கொடுக்கும் எண்ணிக்கையை அந்த வருடத்துக்கு ஐந்து லட்சத்திலிருந்து 3,95,000 ஆக முன்பே குறைத்துவிட்டார்கள். “கார்னி எப்படி, நம்மள உடுவாரா?” என்று பெரியப்பா போனில் கேட்டதை அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

“அக்கா, தம்பி அங்க என்ன வேலை?”

“கிடங்குல பெட்டி ஏத்தி இறக்குறான்.”

“கூலி?”

ஒரு மணி நேரத்துக்கு 17.20 டாலர், நம் காசில் ஆயிரத்து ஐம்பது என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இருநூற்று அறுபது மூட்டைக்கு மேல். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினான்.

“அங்க வெளியூர் ஆளுக்குக் கம்மியா?”

“இல்ல. அதுக்குக் கீழ யாருக்கும் குடுக்கக் கூடாது. சட்டம்.”

தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் போனான். அன்று வந்தது பொட்டாஷ் லோடு, 240 மூட்டை. சாயங்காலம் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே ஐந்து ரூபாய் என்று போட்டு எழுதினேன். முதலாளி இன்னும் பார்க்கவில்லை.