இறால் முதுகின் கறுப்பு நூல்

ஆலங்குடி மீன் கடையில் அரைக் கிலோ இறால். ஜெகதாப்பட்டினத்து வரத்து. உரித்துக் கொடுத்த அக்கா முதுகைக் கீறிக் கறுப்பு நூலை உருவிப் போட்டார். "நரம்பில்ல தம்பி, மண்ணு." குடல்தான் அது. கடலடிச் சேற்றில் மேய்ந்ததன் மிச்சம்.

*

சேறு என்றதும் எண்ணூர் நினைவுக்கு வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. சாம்பலோடு ஈயம், ஆர்சனிக், குரோமியம். கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அங்கே சாம்பலைத் துழாவினார்கள்.

*

நம் ரத்தத்தில் இரும்பு இருக்குமிடத்தில் நண்டு, இறால் ரத்தத்தில் செம்பு. காற்றுப் பட்டால் லேசாக நீலம் தட்டும். செம்பில்லாமல் மூச்சில்லை; கூடினால் அதே செம்பு செவுளைக் கெடுக்கும். அமிர்தமும் நஞ்சும் என்று தொடங்கப் பார்த்தேன். வேண்டாம், எல்லாரும் எழுதியாயிற்று.

*

நாறும் கறுப்புச் சேற்றைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அந்த அழுகிய முட்டை வாடை கந்தகச் சேர்மத்தினுடையது. காற்றுப் புகாத சேற்றில் உண்டாகும் சல்பைடு காட்மியத்தையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக் கட்டிப்போடுகிறது, நீரில் கரையவிடாது. தூர்வாரிக் கிளறினால் ஆக்சிஜன் பட்டுக் கட்டு அவிழும். அதனால் 'கிலோ சேற்றில் இத்தனை மில்லிகிராம்' என்ற ஆய்வக எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் நம்பிவிடுவதில்லை. எண் ஒன்றுதான், ஓரிடத்துச் சேற்றில் புழு பிழைக்கிறது, இன்னோரிடத்தில் சாகிறது.

ஜெகதாப்பட்டினத்துக் கடலான பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். இழுவைமடி தரையை உழுதுகொண்டே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக. சேற்றுக்கும் அது ஓய்வுதான் போல.

*

தகரம்: கப்பலடியில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய பெயிண்டில் ட்ரைபியூட்டைல்டின். லிட்டருக்கு ஒரு நானோகிராம் போதும், பெண் கடல்நத்தைக்கு ஆணுறுப்பு முளைக்கத் தொடங்கும். முற்றினால் முட்டை வெளிவர வழி அடைபடும். உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது 2008இல்.

*

சேற்றின் நஞ்சை அளக்க அரிசிமணி அளவுள்ள ஒரு பிராணியை விடுகிறார்கள், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆம்பிபாட் என்று பெயர். பத்து நாள் சந்தேகச் சேற்றில் விட்டுச் சலித்து, உயிரோடிருப்பதை எண்ணுவார்கள். சில சோதனைகளில் அதோடு விடுவதில்லை. பிழைத்ததைச் சுத்தமான மணலில் போட்டு ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். நலமானது உடனே புதைந்துகொள்ளும். சில அப்படியே மேலே கிடக்கும், உயிரோடு.