பதினைந்து லிட்டர் காற்று

போர்ட்லண்டிலிருந்து அஸ்டோரியா வந்து, கொலம்பியா நதி கடலில் கலக்கும் இடத்தில் 1966-இல் திறந்த நான்கு மைல் பாலத்தைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலம். அங்கிருந்து வடக்கே ஒரு நிலத்துண்டு ஒடுங்கலாக நீண்டு போகிறது. அதன் மேற்கு ஓரம் முழுக்க மணல், 28 மைல். லாங் பீச் என்ற சிற்றூரில் ‘உலகின் மிக நீளமான கடற்கரை’ என்று வளைவே வைத்திருக்கிறார்கள். மெரினாதான் உலகத்திலேயே இரண்டாவது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். இந்த மாதிரிப் பெருமைகளை அளந்து பார்க்கிற வழக்கமில்லை. இந்த மணலுக்கு உண்மையான சிறப்பு ஒன்று உண்டு. சட்டப்படி இது மாநில நெடுஞ்சாலை. மணலில் கார்கள் போகின்றன, வேக வரம்பு 25 மைல்.

நாங்கள் போனது கொழுத்த டயர் வைத்த மின்சார சைக்கிளில். மாப்பிள்ளையிடம் இரண்டு இருக்கின்றன. 26 அங்குலச் சக்கரம், டயரின் அகலம் மட்டும் 4 அங்குலம். பனியில் புதையாமல் ஓட்டுவதற்காக அலாஸ்கா பக்கத்தில் ரிம்மை அகலமாக்கிப் பார்த்தவர்களிடமிருந்து வளர்ந்த யோசனை இது. 2005-இல் சர்லி கம்பெனி ‘பக்ஸ்லி’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு கடைகளில் பரவலாகக் கிடைத்தது. மோட்டார் அதற்குப் பிறகு ஏறிக்கொண்டது. வண்டி முப்பது கிலோ இருக்கும். காரின் பின்னால் ஏற்றி இறக்குவதற்குள் எனக்கு முதுகு பேசிவிட்டது.

மணலில் கால் வைத்ததும் மாப்பிள்ளை குனிந்து வால்வைத் திறந்தார். “மாமா, மொதல்ல காத்த எறக்கணும். இருபதுல இருக்கு, எட்டுக்குக் கொண்டாந்துடலாம்.”

டயரை விரலால் அமுக்கினால் அமுங்கவே கூடாது என்று சொன்ன சைக்கிள் கடைக்காரர்களிடம் வளர்ந்தவனுக்கு இது கேட்கவே என்னவோபோல் இருந்தது. ஆனால் மணல் வேறு சட்டம் பேசுகிறது. இருபது பவுண்டு அழுத்தத்தில் டயர் மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு இறங்கும். காற்றைக் குறைத்தால் அடிப்பாகம் பரந்து உட்கார்ந்து, அதே எடையைப் பெரிய இடத்தில் பங்கு போடும். தடத்தைப் பார்த்தாலே போதும். பள்ளமும் இருபுறம் வரப்புமாக இருந்தால் இன்னும் காற்று அதிகம். டயரின் பூப்பதிவு மட்டும் அகலமாக, கரை எழும்பாமல் விழுந்தால் சரி. பம்பிலிருக்கும் மீட்டரைவிட இந்தத் தடத்தைத்தான் நான் நம்புவேன். இரண்டு மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு பவுண்டு வித்தியாசம் சாதாரணம். கார் டயரில் அது பொருட்டில்லை, எட்டில் அது கால்வாசி.

ரொம்பவும் இறக்கிவிடக் கூடாது. இந்த வண்டிகளில் பலவற்றுக்குப் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். காற்று குறைந்த டயரை அது வெடுக்கென்று இழுக்கும்போது, டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். உள்ளே டியூபையும் சேர்த்து இழுக்கும். ரிம் துளையில் நேராக நிற்க வேண்டிய வால்வு சாய்ந்து நின்றால் அதுதான் எச்சரிக்கை. கவனிக்காமல் விட்டால் வால்வு அடியோடு கிழியும். அதை ஒட்டுப் போட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும்.

நீர் வற்றியிருந்த நேரம். அலை இப்போதுதான் விட்டுப்போன ஈர மணல் கெட்டியாக இருந்தது. உலர்ந்த மணல் பக்கம் போனால் மோட்டார் முனகுகிறது, பேட்டரி கண்முன்னே இறங்குகிறது. கோடையில் இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து. எதிர்காற்றில் வடக்கே ஓஷன் பார்க் பக்கம் போய்விட்டு, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொண்டு வந்தோம். போகும்போது இடது பக்கம் பசிபிக், வலது பக்கம் புல் முளைத்த மணல்மேடு, நடுவே எங்கள் நெடுஞ்சாலை. ஒரு பிக்கப் வண்டி கை காட்டிவிட்டுக் கடந்தது. மணல்மேட்டுப் பக்கம் போவதேயில்லை என்று மாப்பிள்ளை கறாராக இருந்தார். தீபகற்பத்தின் வடமுனையில் உப்புக்கொத்தி மாதிரியான சிறு பறவையொன்று வெறும் மணலில் முட்டையிடுகிறது; அந்தப் பருவத்தில் அங்கே வேலி போட்டு மறித்துவிடுவார்கள்.

அடுத்தது தார்ப் பாதை. லாங் பீச்சிலிருந்து தெற்கே இல்வாகோ வரை மணல்மேடுகளுக்கு நடுவே எட்டரை மைல். 1805 நவம்பரில் வில்லியம் கிளார்க் இந்தக் கரையோரமாக நடந்துவந்து ஒரு மரத்தில் பெயர் செதுக்கினார். அதற்கு நினைவாக வெண்கலத்தில் ஒரு மரம் நிற்கிறது. அதே பாதையில் சாம்பல் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. எட்டு பவுண்டு டயரோடு அந்தத் தாரில் போனால் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும், வளைவில் வண்டி குழையும். அதனால் மணலை விட்டு ஏறியதுமே வாகன நிறுத்தத்தில் காற்றடிக்கும் வேலை.

இறக்குவதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். திரும்ப ஏற்றுவதைப் பற்றிக் கடைக்காரரும் சொல்வதில்லை. மாப்பிள்ளையிடம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய எலெக்ட்ரிக் பம்ப் இருக்கிறது. அட்டையில் 150 பவுண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. நமக்கு அது ஒரு பிரயோஜனமும் இல்லாத எண். ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயருக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம்தான்; இந்தக் கொழுத்த டயருக்குள் பதினைந்து லிட்டருக்குப் பக்கம். எட்டிலிருந்து இருபதுக்கு ஏற்ற, வெளிக்காற்றில் பன்னிரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும், ஒரு சக்கரத்துக்கு. அழுத்தம் அற்பம், அளவுதான் மலை. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதை அட்டையில் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை.

குழாயை வால்வில் திருகி, 20 என்று வைத்து, பொத்தானை அமுக்கினார். கடகடவென்று ஒரே சத்தம். வேலியில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் எழுந்து போயின. எடை அதிகம் என்பதால் பின்சக்கரம் முதலில். 9, 9.5, 10 என்று அரை அரையாக ஏறுகிறது. காற்றை நெருக்கினால் சூடாகும் என்பது பள்ளிப் பாடம். அதைக் குழாயின் பித்தளை முனையைத் தொட்டுப் பார்த்து மறுபடி படித்தேன். இருபதில் பம்ப் தானாக நின்றது. கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் போகும். ஒல்லி டயரில் அது உறுத்தும். இதில் பதினைந்து லிட்டருக்கு முன் அது கணக்கே இல்லை.

கையைச் சுடுகிற பம்பைச் சற்று ஆறவிட்டு முன்சக்கரத்துக்கு மாற்றினோம். என் வண்டி முடிந்தது. மாப்பிள்ளையின் பின்சக்கரமும் முடிந்தது. அவருடைய முன்சக்கரம் 13-ஐத் தொட்டபோது திரையில் பேட்டரிப் படம் சிவப்பாகி அணைந்தது.

“நேத்து ராத்திரி பாப்பாவோட காத்து மெத்தைக்கு இதைத்தான் போட்டேன் மாமா.”

பையில் சாண் நீளக் கைப்பம்ப் ஒன்று கிடந்தது. மீதி ஏழு பவுண்டுக்கு அதில் நூறு அடிக்குக் குறையாது. “முன்சக்கரம்தானே, எடை கம்மி, பதினாறு போதும்” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அடிக்கப் போவது நான் இல்லையே. அவர் அடித்தார். அதற்குள் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இல்வாகோ துறைமுகத்தில் காபி சொல்லிவிட்டு, மேஜையடியில் இருந்த ஒரே பிளக்கில் முதல் காரியமாகப் பம்பைச் சார்ஜுக்குப் போட்டார். அவருடைய போனில் 4 சதவீதம் இருந்தது, அது அப்புறம்தான்.